காதுக்குள் கோழியிறகு வேண்டாம்: குடுமி எடுப்பது பற்றிக் கேள்வி பதில்

ஓய்வு பெறும் வரை காது மூக்கு தொண்டைக் கிளினிக்கில் தாதியாக வேலை செய்தவள் நான். காதுக்குடுமி, அதாவது காதுக்குள் சேரும் மெழுகு, அதை எடுப்பதைப் பற்றிச் சொல்லுங்கள் மிஸி என்று பலர் கேட்டதால் இன்றைக்கு அதற்கென்றே உட்கார்ந்திருக்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போடுகிறேன். உங்கள் காதுக்குள் பார்க்காமல்தான் பதில் எழுதுகிறேன், அதை மறந்துவிடாதீர்கள்.

களுவாஞ்சிக்குடி: அறுவடை முடிந்ததிலிருந்து வலது காது அடைத்தபடி இருக்கிறது. வயல் தூசிதான் குடுமியாகிவிட்டதா? எங்கே போய் எடுப்பது?

தூசி குடுமி ஆகாது தம்பி. காதுத் துவாரத்தின் வெளிப்பகுதியில் இருக்கும் சுரப்பிகள்தான் அதைச் சுரக்கின்றன. தூசியையும் கிருமியையும் பிடித்து வைப்பது அதன் வேலை. செவிப்பறைப் பக்கமிருந்து தோல் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து வரும். சாப்பிடும்போதும் கதைக்கும்போதும் தாடை அசைய அசைய, குடுமியும் அதோடு வந்து தானாக விழுந்துவிடும். பெரும்பாலானோருக்கு எடுக்கவே தேவையில்லை. பிறகு ஏன் அடைக்கிறது? நான் கேட்டால் முதலில் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கொஞ்சம் கதை கொடுத்தால் கொட்டன் பட்ஸ், கோழியிறகு, சட்டைப்பின், மோட்டார் சைக்கிள் சாவி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வெளியே வர இருந்ததை இவை உள்ளே தள்ளி இறுக்கிவிடும்.

முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி ஓபிடியில் காட்டுங்கள். உள்ளே பார்த்து, குடுமிதானா என்று சொல்வார்கள். தேவைப்பட்டால் கிளினிக்குக்குத் துண்டு தருவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை, காத்திருக்கப் பொறுமைதான் வேண்டும்.

காத்தான்குடி: தண்ணீர் அடித்து எடுத்தால் தலை சுற்றும் என்கிறார்கள். நோகுமா மிஸி? வேறு வழி இல்லையா?

நல்ல கேள்வி நானா. தண்ணீர் உடம்புச் சூட்டில், அதாவது 37 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் கூடச் சூடானாலும் உள்காதின் சமநிலை உறுப்பு குழம்பிவிடும். வியன்னாவில் இருந்த ரொபர்ட் பாரனி என்ற டொக்டர் நோயாளிகளின் காதைக் கழுவும்போதுதான் இதைக் கவனித்தார். அதிலிருந்து சமநிலையைச் சோதிக்கும் முறையே பிறந்தது. 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. பாவம், அந்தச் செய்தி வந்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க்கைதி.

பாரனியைப் பற்றித் தெரியாத காலத்தில் நானும் ஒரு பாடம் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சுடுதண்ணீர் முடிந்துவிட்டது. வரிசை நீளம் என்று குழாய்த் தண்ணீரையே எடுத்தேன். வந்திருந்த ஐயா கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தார், கண் இரண்டும் பக்கவாட்டில் ஆட, என் மேலேயே வாந்தி எடுத்தார். பிழை முழுக்க என்னுடையது. அதற்குப் பிறகு வெப்பமானி வைத்துப் பார்க்காமல் ஒரு துளியும் அடித்ததில்லை.

ஒழுங்காகச் செய்தால் நோகாது. பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துத் துவாரத்தை நேராக்க வேண்டும். தண்ணீரைச் செவிப்பறைக்கு நேரே அடிக்காமல், பின்பக்க மேல்சுவரில் படும்படி விட வேண்டும். அது சுற்றி வந்து குடுமியைப் பின்னாலிருந்து தள்ளும். நொந்தால் உடனே சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். பெரிய உலோகச் சிரிஞ்சால் கையால் அடிக்கும் பழைய முறை வேண்டாம் என்று 2018இல் வந்த இங்கிலாந்து வழிகாட்டல் சொல்கிறது. அழுத்தத்தை அளவாக விடும் மின்கருவிதான் நல்லது.

வேறு வழி இருக்கிறது. நுணுக்குக்காட்டியால் பார்த்தபடி மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். தண்ணீர் தேவையில்லை, எடுப்பவருக்குக் கண்ணால் தெரிகிறது. என்னைக் கேட்டால் இதுதான் மேல். காதுக்குள் பெரிய இரைச்சல் கேட்கும், சிலருக்குச் சற்றுத் தலை சுற்றும், அவ்வளவுதான். வாசலிலேயே கட்டியாக இருந்தால் வளைந்த சிறு கம்பியால் ஒரே இழுப்பு.

திருக்கோவில்: போகுமுன் நல்லெண்ணெயில் உள்ளி போட்டுக் காய்ச்சி விடலாமா?

காய்ச்சிய எதையும் விடாதீர்கள் அக்கா. வெந்துபோன காதுகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளி ரசத்துக்கு இருக்கட்டும். ஒலிவ் எண்ணெய் அல்லது பார்மசியில் கிடைக்கும் சோடியம் பைகார்பனேற் சொட்டு மருந்து போதும். போத்தலைக் கைக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, பக்கவாட்டில் படுத்து இரண்டு மூன்று துளி விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். மூன்று முதல் ஐந்து நாள் செய்யலாம். முதல் நாள்களில் அடைப்பு கூடினதுபோல இருக்கும், குடுமி ஊறுவதால்தான், பயப்பட வேண்டாம். சிலருக்கு இதிலேயே கரைந்து வந்துவிடும், கிளினிக்குக்கு வரும் வேலையும் மிச்சம். காதில் சீழ் வந்தாலோ செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ ஒரு துளியும் விடக்கூடாது.

ஆனால் வருடம் முழுக்க எண்ணெய் விடும் வழக்கம் நம்மூரில் இருக்கிறதே, அது வேறு. நம்முடைய புழுக்கத்துக்கு ஈரக்காதில் பூஞ்சணம் சுகமாக வளரும். தாங்க முடியாத கடி (அரிப்பு), நனைந்த பத்திரிகைத் தாள்போலச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், கறுப்புப் புள்ளிகள். அதைக் குடுமி என்று நினைத்து இன்னும் எண்ணெய் விடுவார்கள். அதற்குத் துடைத்து உறிஞ்சி எடுத்துப் பூஞ்சணத்துக்கான மருந்து போட வேண்டும்.

வாழைச்சேனை: கடலில் குளித்து எழும்பியதும் காது பட்டென்று அடைத்துவிடுகிறது.

ஏற்கெனவே இருந்த குடுமி தண்ணீரில் ஊறி ஊதிவிடுகிறது. இரண்டொரு நாளில் இறங்காவிட்டால் காட்டுங்கள்.

சம்மாந்துறை: வாப்பாவுக்கு வயது 70. சீனி வருத்தம். சின்ன வயதில் காது ஓடியதாம். தண்ணீர் அடிக்கலாமா?

வேண்டாம். காதில் சீழ் ஓடியவருக்குச் செவிப்பறையில் ஓட்டை இன்னும் இருக்கலாம், தண்ணீர் நடுக்காதுக்குள் போய்விடும். காதில் ஆப்பரேஷன் செய்தவர்கள், ஒரே காதால் மட்டும் கேட்பவர்கள் ஆகியோருக்கும் இதே பதில். சீனி இருந்தால் இன்னொரு பயமும் உண்டு: சிறு கீறலில் தொடங்கும் தொற்று மண்டையோட்டு எலும்பு வரை போகலாம். உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். சீனி இருப்பதையும், காது ஓடியதையும் உள்ளே போனவுடனே சொல்ல வேண்டும். எடுத்த பிறகு இரவில் தூங்கவிடாத வலி வந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஏறாவூர்: மூன்று வயது மகனின் காதுக்குள் மஞ்சளாகத் தெரிகிறது. புளியங்கொட்டை போட்டானோ என்றும் சந்தேகம்.

மஞ்சள் குடுமி மட்டும் என்றால் விட்டுவிடுங்கள் தங்கச்சி. புளியங்கொட்டை என்றால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும். தோண்டவும் வேண்டாம், ஆஸ்பத்திரியில் எடுக்கட்டும். விளையாட்டுச் சாமான் பட்டன் பற்றரி என்றால் மட்டும் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக்கூடாது, அது தோலை அரித்துவிடும்.

அக்கரைப்பற்று: கமரா வைத்த காதுக் கரண்டி ஒன்லைனில் வாங்கினேன். நானே எடுக்கலாமா?

கமராவால் பார்த்துக்கொள்ளுங்கள், கரண்டியைத் தொடாதீர்கள். திரையில் பார்க்கும்போது ஆழம் தெரியாது. மெழுகுதிரியைக் காதில் வைத்துக் கொளுத்தினால் குடுமி இழுபடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இழுபடாது. முடிவில் கிடக்கும் மஞ்சள் தூள் மெழுகுதிரியுடையதுதான்.

கல்முனை: நேற்றுக் காலை எழும்பியபோது இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை. வலி இல்லை, உள்ளே ஒரு இரைச்சல். குடுமிதானே, அடுத்த வாரம் போகலாமா?

வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். குடுமி என்றால் அந்தச் சத்தம் அடைத்த காதில்தான் கூடுதலாகக் கேட்கும். நல்ல காதுப் பக்கம் போனால் கேட்கும் நரம்பில் பிரச்சினை இருக்கலாம். அதற்கு மாத்திரை இருக்கிறது, ஆனால் முதல் சில நாள்களுக்குள் தொடங்கினால்தான் பலன் கூட. முனகல் எந்தப் பக்கம் கேட்டாலும் சரி, அடுத்த வாரம் என்று இருக்காதீர்கள் அண்ணன். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றக் கேள்விகளைப் பிறகு வாசிக்கலாம்.