பொட்டாசியம் குறைந்தால் இளநீர் போதுமா?

கேள்வி: வயது 41. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் 160/100. ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கிறது. பொட்டாசியம் 2.9. இளநீரும் வாழைப்பழமும் சாப்பிடச் சொன்னார்கள்.

பதில்: இந்த இளநீர் வைத்தியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஓட்டை எங்கே என்று பார்ப்பதில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அமெரிக்காவின் மிச்சிகனில் ஜெரோம் கான் என்ற டாக்டர் இதை விவரித்து 70 வருஷம் ஆகிறது. மாத்திரைக்கு அடங்காத பிரஷர்காரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது இருக்கும். ஆனாலும் நான்காவது மாத்திரைக்குத்தான் சீட்டு எழுதுகிறார்களே தவிர, அல்டோஸ்டீரோனுக்கும் சிறுநீரகம் சுரக்கும் ரெனினுக்கும் உள்ள விகிதம் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவதில்லை. கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்கு முன் பொட்டாசியத்தை மருந்தாகக் கொடுத்து ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அல்டோஸ்டீரோன் குறைவாகக் காட்டி ஏமாற்றும். மூன்றில் ஒன்று நீர் மாத்திரையா என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

கேள்வி: எனக்குப் பொட்டாசியம் நார்மல். அப்படியென்றால் அல்டோஸ்டீரோன் கோளாறு இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. இந்தக் கோளாறு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் பொட்டாசியம் நார்மலாகத்தான் இருக்கும்.

கேள்வி: பிரஷர் அதிகம். என்ன செய்யலாம்?

பதில்: எவ்வளவு? வயது? மாத்திரை? போஸ்ட் கார்டில்கூட இதைவிட அதிகம் எழுதலாம்.

கேள்வி: இந்த அல்டோஸ்டீரோன் நோய் உள்ள அப்பாவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது. சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. அதே அளவு பிரஷர் இருந்தும் இந்த நோய் இல்லாதவரைவிட இவர்களுக்குத் துடிப்புக் கோளாறும் பக்கவாதமும் அதிகம். அல்டோஸ்டீரோன் இதயத் தசையையே கெடுக்கும். உடனே ஈ.சி.ஜி. எடுங்கள்.

கேள்வி: அல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை போட்டதிலிருந்து மார்பு வீங்கி வலிக்கிறது. ஆண் நான், வெளியே சொல்ல வெட்கம்.

பதில்: தெரிந்த பக்கவிளைவுதான். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் அதே வகையைச் சேர்ந்த எப்லெரினோனுக்கு மாற்றுவார். இந்த மாத்திரை பொட்டாசியத்தை வெளியே போகவிடாது, அதனால் இதைப் போடும்போது 'குறை சோடியம்' உப்பைத் தொடாதீர்கள், அதில் இருப்பது பொட்டாசியம். இளநீரும் அளவோடுதான்.

கேள்வி: சி.டி.யில் அட்ரீனலில் 1 செ.மீ. கட்டி. எடுத்துவிடலாமா? வயது 52.

பதில்: பொறுங்கள். இந்த வயதில் சும்மா இருக்கும் கட்டிகளும் படத்தில் தெரியும். இரு பக்க அட்ரீனல் சிரைகளிலிருந்தும் ரத்தம் எடுத்து, எந்தப் பக்கம் சுரக்கிறது என்று பார்த்த பிறகுதான் கத்தி.