மதன் வேடம் யாருடையது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 54 வயது. ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். 1990களில் ஆசிரியர் கலாசாலையில் பயின்றபோது மன்மதனைச் சிவன் எரித்த கதையைச் சொல்லும் காமன் கூத்தைத் தழுவி ஒரு நாடகம் போட்டோம். நான் மதன், அதாவது அந்த மன்மதன். என் அறை நண்பன் ஓலை கொண்டுவரும் தூதன். அவனுக்கு நாலு வரிதான். தப்பு முழங்க, சிவனின் நெற்றிக்கண்ணில் நான் எரிந்து விழுந்தபோது முன்வரிசைப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அப்பா நோயில் கிடந்ததால் ஒத்திகை நாட்களில் அடிக்கடி வீட்டுக்குப் போய்விடுவேன். அப்போதெல்லாம் என் பாட்டையும் அவன்தான் பாடிப் பார்ப்பான்.

அந்தத் தூதன் இன்று பெரிய நடிகன். பெயர் சொன்னால் உங்களுக்கே தெரியும். அண்மையில் தொலைக்காட்சிப் பேட்டியில், "கலாசாலையில் மதனாக நடித்ததுதான் என் தொடக்கம்" என்றான். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். "விட்டுவிடுங்கள்" என்கிறார் மனைவி. "ஆதாரம் இருக்கிறதா, அப்பா?" என்கிறாள் மகள். ஒரு புகைப்படம்கூட இல்லை. முகநூலில் போட நீண்ட பதிவொன்று எழுதி வைத்திருக்கிறேன். தூக்கம் வருவதில்லை. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கித் தரும்படி கேட்ட பிள்ளைகளிடமும் இம்முறை முடியாது என்று சொல்லிவிட்டேன். பதிவைப் போடட்டுமா?

பெயர் வேண்டாம், ஹட்டன்

அன்புள்ள ஐயா,

போட வேண்டாம். அவருடைய ரசிகர்கள் உங்களைப் பிய்த்து எடுத்துவிடுவார்கள்; இருக்கிற தூக்கமும் போய்விடும்.

மதனாக நடித்தது நீங்கள்தான் என்று நம்புகிறேன். அவர் பொய் சொன்னார் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. நீங்கள் ஊருக்குப் போன நாட்களில் உங்கள் பாட்டைப் பாடியவர் அவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நடிப்பாசை அவரைப் பிடித்துக்கொண்டது அந்த ஆளில்லாத மண்டபத்தில்தானோ என்னவோ. முப்பது ஆண்டுகளில் ஒத்திகையும் மேடையும் கலந்துபோவது விந்தையல்ல. நாம் எதையும் நடந்தபடியே நினைவுகூர்வதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டிக்கொள்கிறோம் என்று பிரித்தானிய உளவியலாளர் ஃப்ரெடரிக் பார்ட்லெட் 1932இலேயே எழுதினார். உங்கள் நினைவும் இதற்கு விலக்கல்ல. காமன் கூத்தில் சனங்களை அழவைப்பது பெரும்பாலும் ரதியின் ஒப்பாரிதான். உங்கள் ரதியைக் கேட்டால் முன்வரிசை அழுததற்கு வேறு காரணம் சொல்லக்கூடும்! கோபிக்காதீர்கள்.

நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு இளமைப் பருவத்து நினைவுகளே அதிகம் மேலெழுகின்றன என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. ஆகவே அந்த நாடகம் இன்னும் பெரிதாகத் தெரிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த நண்பர் இன்று ஹட்டன் பஸாரில் கடை வைத்திருந்து இதையே சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள், இல்லையா? அப்பாவின் நோயை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். பிறகு என்ன ஆயிற்று, மேடையை ஏன் விட்டீர்கள் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. முகநூலுக்கு எழுதியதை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தச் சொல்லாத கதையை மனைவியிடமும் மகளிடமும் சொல்லிப் பாருங்கள். நடிகருக்கு எழுதுவதானால் தனிக்கடிதமாக எழுதுங்கள். மதன் யார் என்ற வழக்கு வேண்டாம்; அந்த ஒத்திகை நாட்களைப் பற்றிக் கேளுங்கள். பதில் வராமலும் போகலாம், பிரபலங்களின் தபாலைப் பிரிப்பது பெரும்பாலும் வேறு யாரோதான்.

பிள்ளைகளிடம் முடியாது என்றது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் கோபத்துக்கு அவர்கள் ஏன் வட்டி கட்ட வேண்டும்? இந்த வாரமே கூப்பிட்டுப் பழக்கத் தொடங்குங்கள். தூக்கமின்மை இன்னும் சில வாரங்கள் நீடித்தால் வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம்.