ஆன்லைன்ல வாங்குன சிட்ரின் கல்லு ஒரிஜினலா டூப்பான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கொத்தா ஆரஞ்சு கலர்ல இருக்கு, அடியில வெள்ளையா இருக்கு, இது நிஜ சிட்ரினான்னு (மஞ்சள் கலர் ரத்தினக் கல்லு) கேட்டிருக்கீங்க. நீங்க சொல்றத வச்சுப் பாத்தா அது பெரும்பாலும் சுட்ட அமெதிஸ்ட்தாங்க. பிரேசில், உருகுவே பக்கமிருந்து வர்ற ஊதா அமெதிஸ்ட்ட 400, 500 டிகிரிக்கு சூடு பண்ணா ஊதா போயி மஞ்சள், ஆரஞ்சுன்னு மாறிடும், அமெதிஸ்ட், சிட்ரின் ரெண்டுமே குவார்ட்ஸ்ங்கற ஒரே படிகக் கல்லுதான், உள்ள இருக்குற துளியூண்டு இரும்புதான் கலருக்கே காரணம். அதனால கல்லு நிஜம், கலர்தான் மனுசன் பண்ணது. இயற்கை சிட்ரின் பெரும்பாலும் வெளிறுன மஞ்சளா, லேசா புகை படிஞ்ச மாதிரி இருக்கும், நுனி மட்டும் கருகுன ஆரஞ்சாவும் அடி சுண்ணாம்பு மாதிரியும் இருக்காது.

முழு டூப்பு வேற கதை. கோல்ட்ஸ்டோன்னு மினுமினுன்னு விக்கிறாங்களே, அது செம்புத் துகள் உள்ள வெறும் கண்ணாடி. 10 மடங்கு லென்ஸ் வச்சு பாருங்க, உள்ள உருண்டை உருண்டையா குமிழி தெரிஞ்சா கண்ணாடின்னு சந்தேகப்படலாம். குவார்ட்ஸோட கடினம் 10க்கு 7 (மோஸ்ங்கற கடின அளவுல), அது கண்ணாடிய கீறிடும் (ஜன்னல்ல ட்ரை பண்ணாதீங்க, பழைய பாட்டில் போதும்).

எனக்கே கடுப்பாகுறது சால்கன்தைட்ங்கற நீலக் கல்லுதான். பளீர் நீலத்துல வர்றதுல நிறைய, மயில்துத்தத்த தண்ணில கரைச்சு ஏதோ ஒரு பாறை மேல வளத்தது, சுரங்கத்துல கிடைக்கிறது, இப்படி வளத்தது ரெண்டுலயும் ரசாயனம் ஒண்ணேங்கறதால வீட்டுல டெஸ்ட் பண்ணியெல்லாம் பிரிக்க முடியாது. எந்த சுரங்கத்துல எடுத்ததுன்னு கேளுங்க, விக்கிறவர் முழிச்சா விட்டுடுங்க. அப்புறம் அத தொட்டா கை கழுவிடுங்க, விஷம்.