கில்லலூவின் நீர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தில் டெர்க் ஏரியின் முனையில் உள்ள கில்லலூ என்ற சிற்றூரில் நான்கு நாட்கள் தங்கியிருந்ததைப் பற்றிச் சென்ற ஆண்டு நீங்கள் எழுதிய குறிப்பை இரண்டு முறை படித்தேன். என் மகள் லிமரிக் நகரில் வேலை பார்க்கிறாள். வருகிற அக்டோபரில் நானும் என் கணவரும் எட்டு நாட்கள் அவளுடன் இருக்கப் போகிறோம். கில்லலூவில் இரண்டு நாட்கள் தங்கலாமா என்று கேட்டால், "அங்கே ஒன்றுமே இல்லையம்மா, பாலத்தருகில் படம் எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டை முடித்தால் ஒரு மணி நேரம் போதும், கடலோர மோஹர் பாறைகளுக்குப் போய்விடலாம்" என்கிறாள். எனக்கோ மனிதக் கை படாத ஓர் ஏரியின் கரையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசை. எங்களுக்குப் படகு ஓட்டவோ மீன் பிடிக்கவோ தெரியாது. அவருக்கு முழங்கால் வலியும் உண்டு. இரண்டு நாட்களை அந்த ஊருக்குக் கொடுப்பது வீணாகுமா?

வாசுகி
மதுரை

அன்புள்ள வாசுகி,

வீணாகாது. உங்கள் மகள் சொல்வதையும் நான் மறுக்க மாட்டேன். ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குப் படுவது அவர் சொன்ன அளவுதான். பதின்மூன்று வளைவுகள் கொண்ட பழைய கல்பாலம், அதன் மேற்குக் கரையில் கிளேர் மாவட்டத்தின் கில்லலூ, கிழக்குக் கரையில் டிப்பரரி மாவட்டத்தின் பாலினா, குன்றின்மேல் செங்குத்தாக ஏறும் ஒரு தெரு, பாலத்தின் வடக்கே விரிந்து மலைகளுக்கிடையில் மறையும் ஏரி. நான் பேச விரும்புவது நீங்கள் எழுதிய ஒரு தொடரைப் பற்றி. 'மனிதக் கை படாத ஏரி' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் மாலை பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு எப்படிக் கலைந்தது என்பதைச் சொன்னால், அங்கே இரண்டு நாட்கள் ஏன் தேவை என்பதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

அயர்லாந்தின் மிக நீண்ட ஆறான ஷானன், வடக்கிலிருந்து தெற்காக நாட்டின் நடுவே, ஏரிகளாக விரிந்தும் மீண்டும் ஆறாகக் குறுகியும், அவசரமே இல்லாமல் வருகிறது. அந்த ஏரிகளில் கடைசியானதும் பெரியதும் டெர்க். கிளேர், கால்வே, டிப்பரரி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கிடையே சுமார் 130 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் இந்த ஏரி முடிந்து மறுபடி ஆறு தொடங்கும் இடத்தில்தான் கில்லலூ இருக்கிறது. அதுவரை ஏறக்குறைய சமதளத்தில் ஊர்ந்து வந்த ஆறு, கில்லலூவுக்கும் லிமரிக்குக்கும் இடையே ஏறத்தாழ 30 மீட்டர் கீழிறங்கியாக வேண்டும். எனவே ஒரு காலத்தில் இந்தப் பாலத்தின் அடியில் நீர் பாறைகளில் மோதி இரைச்சலோடு ஓடியது. படகுகள் அந்த வேகத்தைக் கடக்க முடியாமல் போனதால்தான், கரையோரமாக ஒரு கால்வாயை வெட்டி, படகுகளை ஏற்றி இறக்கும் பூட்டுமதகு ஒன்றையும் கட்டினார்கள். அந்தக் கால்வாய் இன்றும் ஊரின் விளிம்பில் ஆற்றுக்கு இணையாக இருக்கிறது. ஆனால் மதகுக்கு இப்போது வேலை இல்லை, ஏனெனில் மேலே உள்ள நீரும் கீழே உள்ள நீரும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன.

அந்த மட்டம் மனிதர்கள் கொண்டுவந்தது. 1922இல் உருவான ஐரிஷ் சுதந்திர அரசு, கையில் பணமோ தொழிற்சாலைகளோ அதிகம் இல்லாத அந்தத் தொடக்க ஆண்டுகளிலேயே, ஷானனின் அந்த 30 மீட்டர் இறக்கத்தை மின்சாரமாக்க முடிவு செய்தது. தாமஸ் மக்லாஃப்லின் என்ற இளம் பொறியாளர் திட்டத்தை முன்வைத்தார். ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 1925இல் வேலையைத் தொடங்கியது. கில்லலூவுக்குக் கீழே பார்ட்டீன் என்ற இடத்தில் தடுப்பணை கட்டி, நீரை டெர்க் ஏரியின் மட்டத்துக்கு உயர்த்தி, அங்கிருந்து 12 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நீளத்துக்குச் செயற்கைக் கால்வாய் ஒன்றை வெட்டி, ஆர்ட்னாகுருஷா மின்நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 1929 ஜூலை 22 அன்று தடுப்பணை முறைப்படித் திறந்துவைக்கப்பட்டது. பல ஆண்டுகள் வரை அந்நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த ஒரு நிலையத்திலிருந்தே வந்தது. நீங்கள் பார்க்கப்போகும் அமைதியான நீர்ப்பரப்பு, பாறைகளின்மேல் ஏறி நின்று அவற்றின் இரைச்சலை அடக்கிவைத்திருக்கும் நீர்.

ஒரு புதிய தேசம் தன்னை நம்பி எடுத்த முடிவுகளில் இது மிகத் துணிச்சலானது என்றே நான் கருதுகிறேன். அதே சமயம் அதற்கான விலையைக் கொடுத்தவர்களையும் அந்தக் கரையில் நின்றுகொண்டு மறந்துவிடக் கூடாது. உச்சக்கட்டத்தில் சுமார் 5,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். பயிற்சியற்ற தொழிலாளிக்கு வாரக் கூலி 32 ஷில்லிங் என்று வைக்கப்பட்டதை எதிர்த்து 1925இலேயே வேலைநிறுத்தம் நடந்தது. வேலை தேடி வந்து குவிந்தவர்களில் பலர் தொழுவங்களிலும் கொட்டகைகளிலும் படுத்திருக்கிறார்கள். நாட்டுப்புறத்துக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் திட்டமோ 1946இல்தான் தொடங்கியது. அதாவது, நீருக்கு நிலத்தைக் கொடுத்த கரையோரப் பண்ணைவீடுகளைப் போன்ற எத்தனையோ வீடுகளில், பக்கத்திலேயே மின்சாரம் உற்பத்தியான பிறகும் பதினேழு ஆண்டுகளுக்கு மேலாக எண்ணெய் விளக்குதான் எரிந்தது.

முழங்கால் வலி உள்ள உங்கள் கணவரை அந்தச் செங்குத்துத் தெருவில் நடக்கவைக்காமல் காரிலேயே குன்றின் உச்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே கத்தோலிக்கத் தேவாலயத்தின் வளாகத்தில், சுற்றியுள்ள எதனோடும் ஒட்டாமல், மிகச் சிறிய கல் ஆலயம் ஒன்று நிற்கும். துறவி மோலுவாவின் பெயர் கொண்டது அது. கில் டலூவா, அதாவது லுவாவின் ஆலயம் என்ற ஐரிஷ் பெயர்தான் கில்லலூ ஆயிற்று. இந்த ஆலயம் நூற்றாண்டுகளாக நின்றது இந்தக் குன்றின்மேல் அல்ல. ஊருக்குச் சற்றுக் கீழே ஆற்றின் நடுவில் இருந்த ஃப்ரையர்ஸ் தீவில். நீர்மட்டம் உயர்ந்தால் தீவு மூழ்கிவிடும் என்பது உறுதியானபோது, ஆலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து மேலே கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். உள்ளே நான்கு பேர் நின்றால் இடம் நெருக்கமாகிவிடும். நான் அங்கே அரை மணி நேரத்துக்கும் மேல் நின்றிருந்தேன். ஊருக்குப் பெயர் தந்தவரின் ஆலயம் இங்கே இருக்கிறது, அது நின்ற மண் கீழே நீருக்குள் கிடக்கிறது என்ற எண்ணம் வந்தபின், மறுநாள் அதே பாலத்தில் நின்றபோது நீர் எனக்கு வேறாகத் தெரிந்தது. 'அங்கே ஒன்றுமே இல்லை' என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தத் தீவுதான் நினைவுக்கு வருகிறது.

அக்டோபரில் போகிறீர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய விலாங்கு மீன், அட்லாண்டிக் கடலின் மறுபுறத்தில் சர்காசோ கடலில் பிறந்து, இங்கே ஆறுகளிலும் ஏரிகளிலும் பல ஆண்டுகள் வளர்ந்து, முதிர்ந்தபின் முட்டையிடுவதற்காக மறுபடி அந்தக் கடலுக்கே திரும்புவது. இலையுதிர் காலத்தில், நிலவில்லாத, காற்றும் மழையும் மிகுந்த இரவுகளில் அவை டெர்க் ஏரியை விட்டுக் கில்லலூ வழியாகக் கீழே இறங்கும். ஆனால் கீழே மின்நிலையத்தின் சுழலிகள் இருக்கின்றன. விலாங்கின் எண்ணிக்கை ஐரோப்பா முழுவதும் வீழ்ந்ததால், அயர்லாந்து 2009இல் வணிக விலாங்குப் பிடிப்பையே நிறுத்திவிட்டது. இப்போது கில்லலூ பாலத்தையொட்டி வலைகளை இறக்கி, இறங்கிவரும் விலாங்குகளைப் பிடித்து, வண்டியில் ஏற்றி, மின்நிலையத்தைத் தாண்டிக் கீழே கொண்டுபோய் ஆற்றில் விடுகிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் நீரின் வழியை மாற்றியவர்கள், அந்த மாற்றத்தில் சிக்கிய உயிருக்குத் தாங்களே வழித்துணையாகப் போக வேண்டியிருக்கிறது. சால்மன் மீனுக்கு இந்த அணை செய்த கேடு இதைவிடப் பெரியது. அதற்காக மின்நிலையத்தில் ஒரு மீன்வழி 1959இல் வந்தது என்றாலும் பழைய வளம் திரும்பவில்லை. ஏரியின் நீர் தெளிவாக இருப்பதை நீங்கள் ரசிப்பீர்கள். அந்தத் தெளிவிலும் ஒரு பங்கு, படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து 1997இல் இங்கே கண்டறியப்பட்ட வரிச்சிப்பி என்ற அயல் உயிர் நீரை வடிகட்டுவதால் வந்தது.

பாலத்தின்மேல் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. 1920 நவம்பர் 16 இரவு, விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் துணைப்படையினர் தாங்கள் கைது செய்த நான்கு பேரை இந்தப் பாலத்தில் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓட முயன்றதால் சுட்டதாகப் படையினர் கூறினார்கள், ஊர் அதை ஒருபோதும் ஏற்கவில்லை. இறந்த நால்வரில் மூவர் விடுதலைப் படையினர். ஒருவர், அவர்கள் ஒளிந்திருந்த வீட்டின் காவலாளி. அவர்களை ஏரிக்கரை ஊரான ஸ்காரிஃபில் ஒன்றாக அடக்கம் செய்திருக்கிறார்கள். வாகன நெரிசலுக்குப் பெயர்போன இந்தக் குறுகிய பாலத்துக்கு மாற்றாக, ஊருக்குத் தெற்கே புதிய பாலம் 2025இல் திறக்கப்பட்டுவிட்டது. நினைவுக்கல்லின் முன் நின்று படிக்க இப்போது முன்பைவிட எளிதாக இருக்கும்.

அயர்லாந்தின் பேரரசனாகி 1014இல் குளோன்டார்ஃப் போரில் இறந்த பிரையன் போரு இவ்வூர்க்காரர். அவருடைய கின்கோரா அரண்மனை குன்றின் உச்சியில் இருந்ததாகக் கருதப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் பகைவர்கள் அதை இடித்து, கல்லையும் மரத்தையும் ஷானனில் வீசினார்கள் என்று பழைய ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. அதுவும் நீருக்குள்தான் போயிற்று. எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றியது, ஆற்றோரம் உள்ள தூய ஃபிளானன் பேராலயத்துக்குள் இருக்கும் ஒரு உடைந்த சிலுவைத் தண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது. ஒரு பக்கத்தில், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகளின் ரூனிக் எழுத்தில் 'தோர்கிரிம் இந்தச் சிலுவையைச் செதுக்கினான்' என்றும், இன்னொரு பக்கத்தில் ஐரிஷ்காரர்களின் ஓகம் கோட்டெழுத்தில் 'தோர்கிரிமுக்கு ஆசி' என்றும் பொறித்திருக்கிறார்கள். உங்கள் மகள் வாழும் லிமரிக், வைக்கிங்குகள் குடியேறி உருவாக்கிய ஊர். கொள்ளையடிக்க வந்த கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன், தன் மொழியில் கையொப்பமிட்டு, அந்த மண்ணின் எழுத்தில் வேண்டுதலையும் பெற்றுக்கொண்டு போயிருக்கிறான். உங்கள் மகளையும் அழைத்துக்கொண்டு போய் அந்தக் கல்லைக் காட்டுங்கள்.

இரண்டாம் நாள் வானம் வெளுத்திருந்தால் ஏரியின் மேற்குக் கரையோரமாக மவுண்ட்ஷானனுக்குப் போங்கள். காரில் அரை மணி நேரம். அங்கிருந்து படகில் இனிஷ் கெல்ட்ரா என்ற புனிதத் தீவுக்குப் போகலாம். அக்டோபரில் படகு போகுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். 7ஆம் நூற்றாண்டில் துறவி காய்மின் வாழ்ந்த அந்தத் தீவில் பல ஆலயங்களின் இடிபாடுகளும், உச்சி இல்லாத சுமார் 24 மீட்டர் உயரமுள்ள வட்டக்கோபுரமும் இருக்கின்றன. படகு போகவில்லை என்றால் கரையிலிருந்தே கோபுரம் தெரியும், அதுவும் போதும். நூறு ஆண்டுகளுக்கு மேல் அயர்லாந்தில் அற்றுப்போயிருந்த வெண்வால் கழுகின் குஞ்சுகள் மீண்டும் முதன்முதலாகச் சிறகு முளைத்துப் பறந்தது 2013இல், இந்த மவுண்ட்ஷானனில்தான்.

சில நடைமுறைச் செய்திகள். டெர்க் என்ற பெயரில் வடக்கே டொனிகால் மாவட்டத்தில் ஒரு யாத்திரை ஏரியும், பாலினா என்ற பெயரில் மேயோ மாவட்டத்தில் ஒரு பெரிய ஊரும் இருக்கின்றன. அறை பதிவு செய்யும்போது மாவட்டத்தின் பெயரைச் சரிபாருங்கள். பாலினாவில் அறை எடுப்பது நல்லது. அந்தக் கரை சமதளம், முழங்காலுக்குத் தொல்லை இல்லை, சூரியன் கில்லலூவின் பின்னால் ஸ்லீவ் பெர்னா மலைமேல் மறைவதையும் அங்கிருந்தே பார்க்கலாம். அக்டோபர் நடுவில் ஆறரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும். மழையாடை இல்லாமல் வெளியே கிளம்பாதீர்கள். மட்டையும் பந்துமாக ஆடும் ஹர்லிங் விளையாட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், எந்தக் கரையில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள். 2024இல் கிளேரும் 2025இல் டிப்பரரியும் அயர்லாந்துக் கோப்பையை வென்றிருக்கின்றன, இரண்டு கரைக்காரர்களும் அதை மிக ஆசையோடு விவரிப்பார்கள், நேரம் கொடுத்துக் கேளுங்கள்.

மோஹர் பாறைகளுக்கும் போய்வாருங்கள். அவற்றைக் காண ஒரு பகல் போதும். ஆனால் கில்லலூவில் தங்கும் இரவு மழையும் காற்றுமாக இருந்தால், ஐயோ இன்று இப்படி ஆகிவிட்டதே என்று அறைக்குள் முடங்கிவிடாமல், இரவுணவுக்குப் பின் இருவரும் குடையோடு பாலம் வரை நடந்து போய்ச் சிறிது நேரம் நில்லுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விலாங்குகள் ஏரியை விட்டுக் கிளம்புவது அப்படிப்பட்ட இரவில்தான்.