நாணயங்களில் காய்கறிகளும் உணவுப் பயிர்களும் இடம்பெற்றிருக்கின்றனவா? உங்களுக்குப் பிடித்தது எது?

நிறையவே இருக்கின்றன. கதிர் அதிகம், காய் குறைவு.

அம்பாசமுத்திரம் பக்கம், கார், பிசானம் என்று இரண்டு பூவும், அதாவது இரண்டு போகமும், நெல் விளைகிற ஊரில் வளர்ந்தவன் நான். ஆச்சியின் சிறுவாட்டு டப்பாவில் 1950ஆம் வருடத்து ஒரு ரூபாய் நாணயம் ஒன்று கிடந்தது. எண்ணுக்கு இரண்டு பக்கமும் கதிர். நெல் என்றே நினைத்திருந்தேன். ஆச்சி அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏலே, இது நெல்லு இல்ல. மணி பிடிச்ச நெல்லு இப்படி வெறைச்சுக்கிட்டா நிக்கும்? தலை சாஞ்சுல்லா கெடக்கும்" என்றாள். அவள் சொன்னது சரிதான், அது கோதுமைக் கதிர். அன்றிலிருந்து எந்த நாட்டு நாணயம் கிடைத்தாலும் கதிர் நிற்கிறதா, சாய்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்ததில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ஜப்பானின் 5 யென். நடுவில் துளை போட்ட பித்தளைக் காசு, 1949 முதல் இந்த வடிவம். அதில் நெற்கதிர் முற்றிய பாரத்தில் வளைந்து தொங்குகிறது. கீழே தண்ணீரைக் குறிக்கும் கோடுகள், துளையைச் சுற்றிப் பல்சக்கரம். உழவு, மீன்பிடி, தொழில் மூன்றும் ஒரே சிறு காசில். வரைந்தவர் வயலைப் பார்த்தவர் என்பது அந்த வளைவிலேயே தெரிகிறது.

கதிர் பொறிக்கும் வழக்கம் மிகப் பழையது. தெற்கு இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறிய மெட்டாபொந்தம் என்ற நகரம், கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளிக் காசில் பார்லிக் கதிரைப் பொறித்தது. ஒரு பக்கம் கதிர் புடைத்திருக்கும், மறுபக்கம் அதே கதிர் குழிந்திருக்கும். சில காசுகளில் பக்கத்தில் ஒரு வெட்டுக்கிளியும் உண்டு. விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அதைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

லிபியாவில் இருந்த சைரீன் நகரத்துக் காசில் சில்பியம் என்ற செடி. மருந்துக்கும் சமையலுக்கும் அதன் பிசினை விற்றே அந்த ஊர் செழித்தது. கடைசியில் செடியே அற்றுப்போனது. தன் காலத்தில் ஒரே ஒரு தண்டுதான் கிடைத்தது, அதை நீரோ மன்னனுக்கு அனுப்பினார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். சில்பியம் கிடைக்காதபோது அதற்குப் பதிலாகப் பயன்பட்டது நம் பெருங்காயம். ரசத்தில் பெருங்காயம் மணக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காசு நினைவுக்கு வரும்.

சரி, காய்கறி ஏன் குறைவு? நான் நினைப்பது இதுதான்: தானியத்தைக் கோட்டை கோட்டையாகக் கட்டி வைக்கலாம், வரியாக வாங்கலாம். கத்தரிக்காயை அப்படி வைக்க முடியாது. காசு அடித்தவர்கள் களஞ்சியத்தில் இருந்ததைத்தான் காசில் போட்டார்கள். இது மாறியது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1968இல், உணவையும் உழவையும் பொறித்த நாணயங்களை நாடுகள் வெளியிட ஊக்குவிக்கும் திட்டத்தைத் தொடங்கிய பிறகு. டோங்கா நாடு சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, தக்காளிச் செடி என்று வரிசையாகப் போட்டது. சமோவாவில் ஈரப்பலா, காம்பியாவில் நிலக்கடலை. இந்தியாவும் 1970இல் 'அனைவருக்கும் உணவு', 1973இல் 'உணவு உற்பத்தியைப் பெருக்குவோம்' என்ற பொருளில் நாணயங்கள் வெளியிட்டது. இப்போது புழங்கும் 12 பக்க 20 ரூபாய் நாணயத்திலும் (2020) தானியக் கதிர் இருக்கிறது, திருப்பிப் பாருங்கள்.

நம் பாண்டியர் காசில் மீன் உண்டு, யானை உண்டு. நெல்லின் பெயரையே தாங்கிய இந்தச் சீமையில் நெற்கதிர் போட்ட பாண்டியர் காசு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, அந்தக் குறை எனக்கு உண்டு. ஆனால் பொன்னை நிறுத்த எடை முழுக்க விதைதான்: இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. படத்தில் இல்லாவிட்டாலும் பாரத்தில் செடி இருந்திருக்கிறது.

ஆச்சிக்குப் பிடித்த காசையும் சொல்ல வேண்டும். வங்கதேசத்தின் 10 பைசா, 1973. அதில் இருப்பது வெற்றிலை. சேகரிப்பில் வைக்கத்தான் வாங்கினேன். ஒரு நாள் பார்க்கிறேன் என்று கையில் வாங்கியவள், பாக்கோடு சேர்த்துச் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்புறம் நானும் திருப்பிக் கேட்கவில்லை.