முதல் 500 மீற்றரில் தோற்பவர்கள்: ரோயிங் மெஷின் கேள்வி பதில்

திருகோணமலையில் கடலில் தண்டு வலிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. வீட்டுக்குள் இருந்து வலிக்கிற எங்களைத்தான் விரல் விட்டு எண்ணலாம். உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் ஒரு கொன்செப்ட்-2 ரோயிங் மெஷின், அதாவது இருந்த இடத்திலேயே தண்டு வலிப்பதுபோல இழுக்கும் கருவி, ஒன்பது வருடமாக நிற்கிறது. எனக்கு வயது 48. பெரிய வீரன் ஒன்றும் கிடையாது, 2000 மீற்றருக்கு என் சிறந்த நேரம் 7:38. ஆனால் 8:50இல் தொடங்கி அங்கே வந்தவன் என்பதால், வழியில் உள்ள பள்ளம் எல்லாவற்றிலும் ஒரு தரமாவது விழுந்திருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

புதியவர்களுக்கு ஒரு சொல் மட்டும்: ஸ்பிளிட் என்பது 500 மீற்றருக்கு எடுக்கும் நேரம். திரையில் 2:10 நின்றால், அதே வேகத்தில் 2000 மீற்றர் முடிய 8:40 ஆகும்.

அண்ணா, போன கிழமை முதல் தடவையாக 2000 மீற்றர் வலித்தேன், 9:40 வந்தது. மூன்று மாதத்தில் 8:00க்கு இறக்கலாமா? என் கூட்டாளி இறக்கிவிட்டான். (உவர்மலை)

கூட்டாளியின் நேரம் கூட்டாளியின் காலுக்கு, தம்பி. உங்கள் இலக்கு உங்கள் 9:40இல் இருந்துதான் புறப்பட வேண்டும்.

100 செக்கன் என்றால் கொஞ்சம்போலத் தெரியும். மெஷின் அதை வாட்டில்தான் கணக்குப் பார்க்கிறது. வேண்டிய சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். வேகத்தை இரட்டிக்க வேண்டுமானால் எட்டு மடங்கு சக்தி வேண்டும். 9:40க்கு நீங்கள் கொடுத்தது சராசரியாக 115 வாட். 8:00க்கு 202 வாட் வேண்டும். அதாவது இப்போது கொடுப்பதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. மூன்று மாதத்தில் அது வராது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் காசு கட்ட மாட்டேன்.

இன்னொரு விதமாகப் பாருங்கள். 9:40இல் இருந்து 9:00க்கு வர 27 வாட் கூட்டினால் போதும். அங்கிருந்து 8:20க்கு 37 வாட். 8:20இல் இருந்து 7:40க்கு 51 வாட். மூன்று இடத்திலும் குறைவது அதே 40 செக்கன்தான், விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. முதல் வருடம் கெதியாக இறங்கியவர்கள் இரண்டாம் வருடம் "எனக்கு என்னமோ ஆகிவிட்டது" என்று கவலைப்படுவதும் இதனால்தான். ஒன்றும் ஆகவில்லை, ஏற்றம் செங்குத்தாகிவிட்டது.

உங்களுக்கு நான் போடும் இலக்கு: மூன்று மாதத்தில் 9:05. கிழமைக்கு மூன்று நாள் ஏறினால் வரும். சுவரில் ஒட்டும் தாளில் இரண்டு கணக்கு எழுதுங்கள். ஒன்று நேரம், மற்றது இந்தக் கிழமை எத்தனை நாள் ஏறினேன் என்பது. முதலாவது உங்கள் கையில் முழுவதும் இல்லை. இரண்டாவது இருக்கிறது.

ஜிம்மில் எல்லோரும் டேம்பரை 10இல் வைக்கிறார்கள். நான் 4இல் வைத்தால் சிரிக்கிறார்கள். எது சரி அண்ணா? (பாலையூற்று)

சிரிக்கட்டும் தங்கச்சி. டேம்பர் என்பது, இழுக்கும்போது சுழலும் சில்லுக்குள் எவ்வளவு காற்றை விடுகிறோம் என்ற கதவு, அவ்வளவுதான். 10இல் வைத்தால் சுமை கூடின வள்ளத்தை இழுப்பது போல இருக்கும். 4இல் வைத்தும் காலால் பலமாகத் தள்ளினால் அதே வாட் வரும், நாரியும் மிஞ்சும்.

டேம்பர் இலக்கத்தை விட்டு ட்ராக் ஃபக்டரை, அதாவது சில்லைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள். திரையின் மெனுவில் அது இருக்கிறது. பத்துத் தரம் இழுத்தால் ஒரு எண் காட்டும். பெரும்பாலானவர்களுக்கு 110 முதல் 130 வரை சரியாக இருக்கும், மெல்லிய உடம்பென்றால் அதற்கும் கீழே போகலாம். ஒரே டேம்பர் இலக்கம் இரண்டு மெஷினில் ஒரே ட்ராக் தராது. சில்லின் கூட்டுக்குள் தூசு அடைத்தால் இறங்கும். நம் ஊரில் சூடான, ஈரமான காற்று அடர்த்தி குறைந்தது, அதனாலும் இறங்கும். என் மெஷினின் வலைத்தட்டைக் கழற்றி ஒருநாள் துடைத்தேன். பஞ்சும் தலைமயிரும் சேர்ந்து ஒரு பூனைக்குட்டி அளவு வந்தது! டேம்பரைத் தொடாமலே ட்ராக் 98இல் இருந்து 117க்கு ஏறியது. பழைய நேரத்தோடு இன்றைய நேரத்தை ஒப்பிடுவதென்றால் முதலில் ட்ராக் ஒன்றா என்று பாருங்கள்.

முதல் 500ஐ 1:58இல் முடித்தேன், கடைசி 500 மீற்றர் 2:25. ஒவ்வொரு தடவையும் இதே கதை. (இலிங்கநகர்)

இந்தக் கேள்வியை மட்டும் ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். இலக்கு தவறுவதற்கு நான் கண்ட முதல் காரணமும் இதுதான்.

தொடக்கத்தில் உடம்பு புதுசு, 1:58 ஒரு பாரமாகவே தெரியாது. முதல் பத்துப் பதினைந்து ஸ்ட்ரோக்குக்கு (ஒரு தரம் இழுத்துத் திரும்புவது ஒரு ஸ்ட்ரோக்) உடம்பில் கையிருப்பாக உள்ள சக்தி ஓடுகிறது, மூச்சு இன்னும் கணக்குக் கேட்கவில்லை. ஒன்றரை நிமிடம் கழித்து அது கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. 2019இல் ஒரு ஞாயிறு காலை, 7:50 வலிக்கப்போகிறேன் என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டு 1:48இல் புறப்பட்டேன். 1300 மீற்றரில் கைபிடியை விட்டேன். சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்தபடி மேலே ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. மகள் தண்ணீர் கொண்டுவந்து, "முடிஞ்சுதா அப்பா?" என்று கேட்டாள்.

8:40 இலக்கு என்றால் இப்படிப் பிரியுங்கள்: 2:11, 2:11, 2:10, 2:08. கூட்டினால் சரியாக 8:40. முதல் 500இல் "இது மெதுவாக இருக்கிறதே" என்ற எண்ணம் வர வேண்டும். வந்தால் சரியாகப் போகிறீர்கள். மூன்றாவது 500தான் கசப்பு. அங்கே ஸ்பிளிட்டைப் பார்ப்பதை விட்டு பத்துப் பத்து ஸ்ட்ரோக்காக எண்ணுங்கள்.

பதினைந்து நிமிடத்தில் நாரி நோகத் தொடங்குகிறது. (அன்புவழிபுரம்)

கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைக் கையால் மட்டும் இழுப்பவர் அரை மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடுவார். பழகினவர் குதிக்காலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார். கை வெறும் கொக்கிதான். மெஷினிலும் அதே ஒழுங்கு. கால் தள்ளும், பிறகு உடம்பு சாயும், கடைசியில் கை வரும். திரும்பும்போது கை முதலில் நீளும், உடம்பு முன்னே சரியும், அதன் பிறகே முழங்கால் மடியும். உங்களுக்குக் கால் தள்ள முதலே முதுகு சாய்கிறது என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் போனை வைத்து ஒரு நிமிடம் படம் எடுத்துப் பாருங்கள், உடனே தெரியும்.

ஒரு கிழமைக்கு டேம்பரை 3இல் வைத்து, நிமிடத்துக்கு 18 ஸ்ட்ரோக்கில் மட்டும் வலியுங்கள். நோ காலுக்கு இறங்கினாலோ விறைத்தாலோ மெஷினை விட்டு இறங்கி வைத்தியரிடம் போங்கள்.

சின்ன வயதிலிருந்து கடலில் தண்டு வலித்தவன் நான். 23 வயதுப் பொடியன், கடலையே தெரியாதவன், மெஷினில் என்னை வெல்கிறான். மெஷின் பிழையா? (திருக்கடலூர்)

மெஷின் பிழையில்லை அண்ணன், அதற்குக் கடல் தெரியாது. நீரோட்டம் பார்ப்பது, அலை பார்த்துத் தண்டு போடுவது, வள்ளத்தைச் சமநிலையில் வைப்பது, இதில் ஒன்றுக்கும் அது புள்ளி தராது. வள்ளத்தில் பலகையில் அசையாமல் இருந்து வலிப்பீர்கள். முதுகும் தோளும் வேலை செய்யும். இங்கே இருக்கை உருளும், தொடைதான் எஞ்சின். ஆள் உயரமென்றால் ஒவ்வொரு இழுப்பும் நீளம். உடம்புப் பாரமும் உதவும், மெஷினில் அதைச் சுமக்கத் தேவையில்லையே. அதனால்தான் உள்ளகப் போட்டிகளில் மெல்லிய பிரிவு என்று ஆண்களுக்கு 75 கிலோ, பெண்களுக்கு 61.5 கிலோ எல்லை வைத்திருக்கிறார்கள். காலால் தள்ளப் பழகுங்கள், மூன்று மாதம் கழித்துப் பொடியனைக் கூப்பிடுங்கள்.

கச்சான் காற்று தொடங்கினதும் என் நேரம் எல்லாம் கெட்டுப்போகிறது. பலம் குறைந்துவிட்டதா? (சாம்பல்தீவு)

இல்லை அக்கா. கச்சான் காலத்து வெக்கையில் உடம்பு தோலைக் குளிர்விக்க இரத்தத்தை அங்கே அனுப்புகிறது, தசைக்குப் போவது குறைகிறது. அதே ஸ்பிளிட்டுக்கு இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கும். அரை மணித்தியாலம் வலித்தால் கடைசியில் துடிப்பு தானாகவே மேலே ஏறிக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

நான் வருடத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டேன். மே முதல் செப்டம்பர் வரை நேரத்துக்கு இலக்கு வைப்பதில்லை, மீற்றருக்குத்தான். காலை ஐந்து மணிக்கு ஏறி, வெயில் வர முதல் இறங்கி, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் குடிப்பேன். மாரி மழை வந்து காற்றுக் குளிர்ந்த பிறகு, டிசம்பர், ஜனவரியில் 2000 மீற்றர் சோதனை. பத்து லட்சம் மீற்றர் என்ற இலக்கைப் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு நாளுக்கு 2740 மீற்றர், கிழமைக்கு ஐந்து நாள் என்றால் ஒரு நாளுக்கு 3850 அளவில். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. கொன்செப்ட்-2 கம்பனியின் இணையப் பதிவேட்டில் வருடம் மே 1இல் தொடங்கி ஏப்ரல் 30இல் முடியும், நம் கச்சான் காலத்தோடு அது நன்றாகவே பொருந்துகிறது.

கரண்ட் போனாலும் மெஷின் ஓடும், திரைக்கு பற்றரி இருக்கிறது. ஃபேன்தான் நின்றுவிடும். அன்றைக்கு நேரம் பார்க்காதீர்கள்.

நோன்பு மாதத்தில் என்ன செய்வது? முப்பது நாளில் எல்லாம் போய்விடுமோ என்று பயம். (கிண்ணியா)

போகாது தம்பி. அந்த மாதத்துக்கு இலக்கு "இருப்பதைக் காப்பாற்றுவது" மட்டும். நோன்பு திறக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது 15, 20 நிமிடம் மெல்ல வலிக்கலாம், முடித்த கையோடு தண்ணீர் கிடைக்கும். பலமான பயிற்சி கிழமைக்கு ஒன்று போதும், தராவீஹ் தொழுகை முடிந்த பிறகு. 2000 மீற்றர் சோதனையை பெருநாள் கழிந்து இரண்டு கிழமை தள்ளி வையுங்கள். பெருநாள் வட்டிலப்பத்துக்கும் அவகாசம் வேண்டுமே.

ஆறு மாதமாக 8:12இல் நிற்கிறேன். எவ்வளவு தெண்டித்தாலும் அசையவில்லை. (நிலாவெளி)

எப்படித் தெண்டிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்: ஒவ்வொரு நாளும் 2000 மீற்றர், முழுப் பலத்தோடு. அதுதான் வருத்தம். பயிற்சி செய்யவில்லை, தினமும் பரீட்சை எழுதுகிறீர்கள்.

முதலில் எங்கே ஓட்டை என்று பார்ப்போம். ரோயிங்காரர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு: தூரம் இரட்டித்தால் ஸ்பிளிட் 5 செக்கன் கூடும். உங்கள் 2000 ஸ்பிளிட் 2:03. அப்படியானால் 5000 மீற்றரை 2:10க்குக் கிட்ட வலிக்க வேண்டும். வலித்துப் பாருங்கள். 2:16 வந்தால் மூச்சுப் போதவில்லை. கிழமைக்கு மூன்று நாள், பேசிக்கொண்டே வலிக்கக்கூடிய வேகத்தில், நிமிடத்துக்கு 18 முதல் 20 ஸ்ட்ரோக்கில் 40 நிமிடம். 2:09 வந்தால் மூச்சு இருக்கிறது, வேகம்தான் இல்லை. அதற்கு 500 மீற்றர் எட்டுத் தரம், இடையில் மூன்றரை நிமிட ஓய்வு. முதல் கிழமை எட்டும் 2:02இல். அடுத்த தடவை போன சராசரியில் இருந்து அரைச் செக்கன் மட்டும் குறையுங்கள். எட்டாவதை மட்டும் முழுப் பலத்தோடு வலிக்கலாம்.

எட்டுக் கிழமைக்கு 2000 மீற்றரைத் தொடாதீர்கள்.

உலக சாதனை எவ்வளவு? (பாடசாலை மாணவன், மூதூர்)

2018இல் அவுஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2000 மீற்றரை 5:35.8இல் வலித்து சாதனை வைத்தார். ஸ்பிளிட் கிட்டத்தட்ட 1:24, வாட் 590க்குக் கிட்ட. மெஷினில் ஏறி 1:24ஐ ஐந்து ஸ்ட்ரோக்குக்குப் பிடித்துப் பாருங்கள் மகன், பிறகு அவருக்கு இன்னும் இருநூறு ஸ்ட்ரோக் மிச்சம் என்று நினையுங்கள்.

வயது 62, பிறஷருக்கு மருந்து எடுக்கிறேன். எனக்கும் இலக்கு வேண்டுமா? (சீனன்குடா)

வேண்டும் ஐயா, ஆனால் முதலில் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். பீட்டா ப்ளோக்கர் என்றால் அது இதயத் துடிப்பைக் கட்டிவைக்கும், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப முடியாது. வலித்துக்கொண்டே ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம், கிழமைக்கு நான்கு நாள். மாதம் முடிய அதே பத்து நிமிடத்தில் எத்தனை மீற்றர் கூடியது என்று எழுதுங்கள்.

ஜிம்மில் இருப்பது காற்றுக்குப் பதிலாகக் காந்தத்தால் தடுக்கும் மெஷின். அதில் 2000 மீற்றர் 6:50 வந்தது. நம்பலாமா? (தம்பலகாமம்)

அந்த மெஷினோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கம்பனியும் மீற்றரை ஒவ்வொரு மாதிரிக் கணக்குப் போடும். அதே மெஷினில் அடுத்த மாதம் 6:45 வந்தால் அது உண்மையான முன்னேற்றம்.

கடல் காற்றில் சங்கிலி துருப்பிடிக்கிறது. (டச்பே பக்கம்)

எனக்கும் பிடித்தது. ஐம்பது மணித்தியாலத்துக்கு ஒருமுறை கடதாசித் துண்டில் கொஞ்சம் மெஷின் எண்ணெய் தோய்த்துச் சங்கிலி நீளத்துக்கும் தடவுங்கள். கடற்கரை வீடென்றால் அதற்கு முன்னமே. இருக்கை உருளும் தண்டவாளத்தை வலித்து முடிந்த உடனேயே துடையுங்கள். வியர்வை காய்ந்தால் கறுத்த தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும், உருளை அதில் தடக்குப்பட்டுத் துள்ளும். பழைய பனியன் துணி போதும்.