திரைக்கதைக் கேள்வி – பதில்: ஒரு சுவீடன் நாவல், இரண்டு படங்கள்

(இந்த வாரக் கேள்விகளில் பெரும்பாலானவை ஸ்டீக் லார்ஸனின் ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’வைச் சுற்றியே வந்திருக்கின்றன. பணக்கார வாங்கர் குடும்பத்தில் காணாமல் போன ஹாரியெட் என்ற பெண்ணை, நாற்பது ஆண்டு கழித்துப் பத்திரிகையாளர் மிக்கேலும் ஹேக்கர் லிஸ்பெத்தும் தேடும் கதை அது. நாவலைப் படிக்காதவர்கள் கவனிக்க: கீழே சஸ்பென்ஸ் உடைகிறது.)

500 பக்கத்துக்கு மேல் போகும் நாவலை இரண்டரை மணி நேரப் படமாக்கும்போது முதலில் எதை வெட்டுவார்கள்? – வாசகர், திருச்சி

முதல் வேலை வெட்டுவது அல்ல, அட்டவணை போடுவது. துப்பறியும் நாவல் என்றால் யாருக்கு எது எப்போது தெரிகிறது என்பதுதான் கதை. ஒரு பெரிய தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: துப்பு என்ன, நாவலில் அது யார் கையில் கிடைக்கிறது, வாசகருக்கு எந்தப் பக்கத்தில் தெரிகிறது, படத்தில் எந்தக் காட்சியில் வரப்போகிறது. கடைசிக் கட்டம் காலியாக நிற்கும் துப்பு படத்துக்குத் தேவையில்லை. அதைச் சுமந்து வந்த கதாபாத்திரமும் பெரும்பாலும் தேவைப்படாது.

கணக்கு எளிது. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். 2009இல் வந்த சுவீடிஷ் படம் 152 நிமிடம், 2011இல் டேவிட் ஃபிஞ்சர் எடுத்த ஹாலிவுட் படம் 158 நிமிடம். அதாவது நாவலின் மூன்று நான்கு பக்கத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இரண்டு படங்களும் மறுபேச்சில்லாமல் தூக்கியது, நாயகன் மிக்கேல் புளோம்க்விஸ்டுக்கும் அந்தக் குடும்பத்துச் செசிலியா வாங்கருக்கும் உள்ள உறவை. நாவலில் அது பக்கம் பக்கமாக வரும், ஆனால் வழக்கை ஓர் அங்குலம்கூட நகர்த்தாது. பத்திரிகை அலுவலகப் பணக்கஷ்டம், சாண்ட்விச், ஓயாத காபி எல்லாம் அதே வழியில் சுருங்கிவிட்டன. (அந்த நாவலில் காபி போடாத அத்தியாயத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.)

வாங்கர் குடும்பம் வேறு வகைச் சிக்கல். நாவலில் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியே அச்சிட்டிருக்கிறது. பெயர் குழம்பினால் வாசகர் பக்கத்தைப் பின்னால் புரட்டிக்கொள்வார். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் எதைப் புரட்டுவார்? அதனால் சந்தேகப் பட்டியலைக் குறைக்க வேண்டும். ஆனால் ரொம்பக் குறைத்தால், பேர் தெரிந்த நடிகர் எந்த வேடத்தில் வருகிறாரோ அவர்தான் கொலையாளி என்று ஜனம் இடைவேளைக்கு முன்பே சொல்லிவிடும்.

எதை வெட்டினார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் சுவீடிஷ் தொலைக்காட்சி வடிவத்தைப் பாருங்கள். மூன்று நாவல்களும் தலா 90 நிமிடம் கொண்ட ஆறு பகுதிகளாக 2010இல் ஒளிபரப்பாயின. முதல் நாவலுக்கு இரண்டு பகுதி, 180 நிமிடம். தியேட்டர் வடிவத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த 28 நிமிட வித்தியாசமே ஒரு பாடம்.

பைபிள் எண் ரகசியத்தை நாவலில் நாயகனின் மகள் கண்டுபிடிக்கிறாள், சுவீடிஷ் படத்தில் லிஸ்பெத் கண்டுபிடிக்கிறாள். இந்த மாற்றம் சரியா? – வாசகி, நாகர்கோவில்

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டு படங்களும் இந்த ஒரு கண்ணியில்தான் பிரிகின்றன.

படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: 1966இல் காணாமல் போன ஹாரியெட்டின் நாட்குறிப்பில் ஐந்து பெயர்கள், பக்கத்தில் ஐந்திலக்க எண்கள். ‘மக்தா 32016’, ‘சாரா 32109’ என்று போகும். போலீஸ் அவற்றைத் தொலைபேசி எண் என்றே நினைத்தது. உண்மையில் முதல் இலக்கம் பைபிளின் மூன்றாம் புத்தகம், லேவியராகமம். அடுத்த இரண்டு அதிகாரம், கடைசி இரண்டு வசனம். 32109 என்றால் லேவியராகமம் 21:9, வேசித்தனம் செய்யும் ஆசாரியனின் மகளை அக்கினியால் சுட்டெரிக்கச் சொல்லும் வசனம். ஒவ்வொரு எண்ணும் ஒரு கொலை.

நாவலில் மிக்கேலின் மகள் பெர்னில்லா, ஒரு மதக் குழுவில் சேர்ந்திருப்பவள், அப்பாவைப் பார்க்க வந்துவிட்டுப் போகிற போக்கில் ‘பைபிள் வசனம்’ என்கிறாள். ஃபிஞ்சருக்குத் திரைக்கதை எழுதிய ஸ்டீவன் ஸெய்லியன் இதை அப்படியே வைத்துக்கொண்டார். சுவீடிஷ் படத்துக்கு எழுதிய நிகோலாய் ஆர்செல், ராஸ்முஸ் ஹைஸ்டர்பெர்க் ஜோடி மகளையே எடுத்துவிட்டது. மிக்கேலின் கம்ப்யூட்டருக்குள் ரகசியமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் லிஸ்பெத் எண்ணை உடைத்து அவனுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறாள். அந்த மின்னஞ்சலைப் பிடித்துக்கொண்டு அவன் அவளைத் தேடி வருகிறான்.

லாபம் என்ன? நாவலில் இருவரும் சந்திக்கவே பாதிப் புத்தகம் ஆகிறது. சந்திப்புக்குக் காரணம், மிக்கேலைப் பற்றி லிஸ்பெத் முன்பு தயாரித்த விசாரணை அறிக்கை; அதை வாங்கர் தரப்பு வக்கீல் வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். படத்தில் ஒரே துப்பு இரண்டு வேலை செய்கிறது: வழக்கும் நகர்கிறது, ஜோடியும் சேர்கிறது. தற்செயலாக வந்து போகும் மகளும் தேவைப்படவில்லை.

நட்டமும் உண்டு. லிஸ்பெத் தன் சுவடு எங்கும் தெரியாமல் வாழ்கிறவள். அப்படிப்பட்டவள் முன்பின் தெரியாத ஆளுக்குத் தானே போய்க் காட்டிக்கொடுத்துக்கொள்வாளா? வசனத்தில் இதற்கு விடை சொல்ல முடியாது. லிஸ்பெத்தாக நடித்த நூமி ரப்பாஸின் முகம்தான் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறது. சுமாரான நடிகை என்றால் கதை அங்கேயே ஓட்டை.

ஃபிஞ்சர் வழியில் இந்த ஓட்டை இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு கதையில். மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டே இருந்தால்தான் இது ஒரே படம் என்று தோன்றும். எடிட்டிங்குக்காக அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது சும்மா இல்லை. எனக்குக் கேட்டால் இந்த ஒரு முடிச்சில் சுவீடிஷ் படத்துக்கே என் ஓட்டு.

ஃபிஞ்சர் படத்தில் ஹாரியெட்டை லண்டனில் காட்டுகிறார்கள். நாவலில் ஆஸ்திரேலியா அல்லவா? – வாசகர், கோவை

ஆமாம், நாவலில் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பாள். சுவீடிஷ் படமும் ஆஸ்திரேலியா வரை போனது. ஃபிஞ்சர் படத்தில் லண்டனில் இருக்கும் அனிதா என்ற பெண்ணே ஹாரியெட். முன்பே ஒருமுறை சந்தித்த பெண் என்பதால் புதிய ஊர், புதிய பயணம் எதையும் விளக்க வேண்டியதில்லை. கொலையாளி செத்த பிறகும் இருபது நிமிடத்துக்கு மேல் கதை மிச்சமிருக்கும் படத்தில் அந்தச் சிக்கனம் தேவைதான்.

‘தி ஸ்நோமேன்’ ஏன் அப்படிச் சொதப்பியது? நாவல் நன்றாகத்தானே இருந்தது? – வாசகர், சென்னை

ஜோ நெஸ்போவின் நார்வே நாவல், படம் வந்தது 2017இல். நார்வேயில் படப்பிடிப்பு நாட்கள் போதவில்லை, திரைக்கதையில் 10 முதல் 15 சதவீதம் எடுக்கவே இல்லை என்று இயக்குநர் தோமாஸ் ஆல்ஃப்ரெட்ஸனே நார்வே ஒலிபரப்பு நிறுவனத்திடம் சொன்னார். குறைகிறது என்பது எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. (லார்ஸன் வரிசையில் இரண்டாம், மூன்றாம் படங்களை எடுத்த டேனியல் ஆல்ஃப்ரெட்ஸன் இவருடைய அண்ணன்.)

காதல் படத்தில் பத்து சதவீதம் போனால் ஒரு பாட்டு போனதாக நினைத்துக்கொள்ளலாம். துப்பறியும் படத்தில் அப்படி இல்லை. ஒரு துப்பை இரண்டு முறை காட்ட வேண்டும்: முதலில் கண்ணில் படும், பிறகு புரியும். முதல் காட்சியை எடுக்காமல் விட்டால் இரண்டாவது காட்சி வானத்திலிருந்து குதித்த மாதிரி இருக்கும். இரண்டாவது போனால் முதலாவது அர்த்தமில்லாமல் தொங்கும்.

தப்பிக்க வழி: ஷெட்யூல் போடும்போதே துப்புக் காட்சிகளுக்குச் சிவப்பு மையில் குறியிட்டு, படப்பிடிப்பின் முதல் பாதிக்குள் முடித்துவிடுவது. கடிதம், போட்டோ, சாவி போன்ற நெருக்கமான ஷாட்டுகளைத் தனியாகப் பட்டியலிட்டு, நடிகர் இல்லாமல் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளலாம். நாட்கள் குறைகிறது என்று தெரிந்தால் துரத்தல் காட்சியைச் சுருக்குங்கள், சிவப்புக் குறியைத் தொடாதீர்கள். கடைசி நேரத்தில் நடிகரின் முதுகைக் காட்டி டப்பிங்கில் விளக்கம் திணிப்பதை ரசிகர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பனியில் படமெடுப்பதில் அப்படி என்ன கஷ்டம்? – வாசகி, சேலம்

முதல் எதிரி வெளிச்சம். டிசம்பர் கடைசியில் ஸ்டாக்ஹோமில் பகல் ஆறு மணி நேரம்தான். அதனால் வெளிக்காட்சிகளை நண்பகலைச் சுற்றி அடுக்கிவிட்டு, மீதி நேரத்தை உள்காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் வைத்துக்கொள்வார்கள். அடுத்தது காலடி. மிதிபடாத பனியில் ஒருவர் நடந்துவிட்டால் இரண்டாவது டேக் கிடையாது. எனவே தூர ஷாட்டை முதலில் எடுத்து, யூனிட் ஆட்கள் நடக்க ஒரே பக்கம் பாதை ஒதுக்க வேண்டும்.

வெளியே குளிர்ந்துபோன கேமராவை நேராகச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க நீர் கோத்துவிடும். காற்றுப் புகாத பையில் வெளியிலேயே மூடி, உள்ளே கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பையைத் திறக்க வேண்டும். பாட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். மாற்று பாட்டரி உதவியாளரின் கோட்டுக்குள் உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

ஒரு சுவீடிஷ் நாவலைத் தமிழில் எடுக்க ஆசை. கதையை மாற்றிக்கொண்டால் உரிமை வாங்கத் தேவையில்லை என்கிறார்கள், உண்மையா? – உதவி இயக்குநர், சென்னை

எவ்வளவு மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெறும் கருத்துக்குக் காப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘காணாமல் போன பெண்ணை நாற்பது ஆண்டு கழித்துத் தேடுகிறார்கள்’ என்பது கருத்து. லார்ஸன் நாவலில் வரும் பாலத்து விபத்து, ஆண்டுதோறும் வரும் உலர்ந்த பூ, பைபிள் எண் எல்லாவற்றையும் அதே வரிசையில் எடுத்தால் வம்புதான்.

முறையாக வாங்குவதென்றால் முதலில் ஆப்ஷன்: ஒரு சிறு தொகை கொடுத்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு நாவலை வேறு யாருக்கும் விற்காமல் நிறுத்திவைப்பது. படம் உறுதியானால் முழுத் தொகை. ஒப்பந்தத்தில் கால அளவும் நிலப்பரப்பும் கட்டாயம் இருக்கட்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, காலம் எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டு, நிலப்பரப்பு எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ரிலீஸ் செய்யப்போகிறவருக்கு இது பெரிய அடி. தமிழ் மொழிபெயர்ப்புப் புத்தகத்தின் பதிப்பாளரிடம் திரைப்பட உரிமை இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள்.

யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைச் சரிபார்ப்பது அதைவிட முக்கியம். லார்ஸன் 2004 நவம்பரில், முதல் நாவல் அச்சில் வரும் முன்பே, 50 வயதில் இறந்தார். சாட்சிக் கையெழுத்து இல்லாத 1977 உயில் ஒன்று கிடைத்தது, செல்லவில்லை. 32 ஆண்டு கூடவே வாழ்ந்த ஏவா காப்ரியெல்சனை அவர் மணந்திருக்கவில்லை. சுவீடன் சட்டப்படி சொத்தும் நூல் உரிமையும் அப்பாவுக்கும் தம்பிக்கும் போயின. ஆசிரியருக்கு நெருக்கமானவர் யார் என்பது வேறு, உரிமை யாரிடம் இருக்கிறது என்பது வேறு.

ஃபிஞ்சர் படம் ஏன் நம் தியேட்டர்களுக்கு வரவில்லை? – வாசகர், வேலூர்

2012 பிப்ரவரியில் வரவேண்டியது. தணிக்கை வாரியம் சில காட்சிகளை வெட்டச் சொன்னது, இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை, ரிலீஸ் நின்றது. லிஸ்பெத் மீதான வன்கொடுமைக் காட்சி இந்தக் கதையில் அலங்காரம் அல்ல, பின்னால் அவள் செய்யும் பழிவாங்கலுக்கு அதுதான் ஆதாரம். ஒன்றை மட்டும் வெட்டினால் மற்றது வெறும் வெறியாட்டமாகத் தெரியும். நாவலின் சுவீடிஷ் தலைப்பே ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’ என்பதுதான்.